நான்காவது பாடம்

இயற்பியல், வேதியியல், கணக்கு
மூன்றும் அச்சிலேயே இருந்தன.
நான்காவது கட்டம் மட்டும் காலி.
உயிரியல் என்று பென்சிலால் எழுதி
அழித்து
கணினி அறிவியல் என்று எழுதி
அழித்து
பணகுடிக் காற்றில் படபடக்கும் தாளை
முழங்கையால் அமுக்கிக்கொண்டு
மூன்று நாளாய் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜெபசெல்வி உயிரியல்.
மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் அவள் சித்தி
இப்போதே வெள்ளைச் செருப்பு வாங்கிவிட்டாளாம்.
"நீயும் வாட்டி, ஒரே பெஞ்சுல இருக்கலாம்."
பெஞ்சும் ஒரு காரணம்தான்.

எனக்கு இதயம் வரையப் பிடிக்கும்.
நான்கு அறை, நீலமும் சிவப்பும்,
வால்வுகள் மீன்வாய் மாதிரி.
நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து
டீச்சர் பலகையில் ஒட்டினார்.
பரீட்சை முடிந்தும் அங்கேதான் இருக்கிறது.

கணினி அறையைச் சன்னல் வழியாகத்தான் தெரியும்.
பதினோரு பெட்டி, துணி போர்த்தியவை ஆறு.
சார் ஜூலையில் வருவார் என்கிறார்கள்.
போன ஜூலையிலும் சொன்னார்கள்.
வீட்டில் இருப்பது அப்பாவின் போன்.
காற்றாலை ஆட்கள் கூப்பிட்டால்
அதுவும் அவரோடு லோடு வண்டியில் ஏறிப் போய்விடும்.

"ஐடில ஆளே எடுக்கது இல்லயாம்லா"
என்றார் கடை அண்ணாச்சி,
சீரகப் பொட்டலம் மடித்துக்கொண்டே.
"இனி எல்லாத்தையும் மிசினே எழுதிருமாம்."
மீதிச் சில்லறையைக் கால்குலேட்டரில் போட்டுக் கொடுத்தார்.

நேற்று சாதிச் சான்றிதழுக்காக
இ-சேவை மையம் போனோம்.
அப்பா பெயர் சொரிமுத்து.
ஆதாரில் எஸ் போட்டு,
இன்னொன்றில் சி எச் போட்டு.
நிஷா அக்கா மூன்று தடவை தட்டினாள்.
மூன்று தடவையும் சிவப்பில் ஒரு வரி.
"ஏத்துக்கிட மாட்டேங்கு."
அப்பா திரையை நோக்கிக் கொஞ்சம் குனிந்து
தாலுகா ஆபீசில் பேசுகிற குரலில்
"ரெண்டும் நாந்தான் சார்" என்றார்.

கரண்ட் போனது.
வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.
எனக்கு அந்தச் சிவப்பு வரி மட்டும் அணையவில்லை.
யாரோ ஒருத்தர் எங்கேயோ உட்கார்ந்து
எழுத்து மாறினால் ஆளும் வேறு என்று
எப்போதோ எழுதிவைத்திருக்கிறார்.
அவர் காரையாறு போயிருக்க மாட்டார்.
ஆடி அமாவாசைக்கு அங்கே போய்
சொரிமுத்தே என்று கூப்பிட்டால்
எத்தனை பேர் திரும்புவார்கள் என்று
அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
கோபம்தான், ஆனால் முழுக்கக் கோபம் இல்லை.
எப்படி எழுதியிருப்பார் என்று
உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

இன்று கடைசி நாள், நாலு மணி வரை.
பேனாவால் எழுதினேன்.
அழித்து அழித்து மெலிந்த இடத்தில்
'ணி' ஓட்டைக்குள் விழுந்தது.
"என்னட்டி இது, எலி கடிச்ச மாதிரி?"
எழுத்தர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
முத்திரை குத்தினார்.

ஜெபசெல்வி பஸ் ஸ்டாப் வரை பேசவில்லை.
முதலில் ஏறியவள்
பக்கத்து சீட்டில் பையை வைத்து
இடம் போட்டிருந்தாள்.