சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு

சிலோயே தீவின் தென்கோடி, கெயோன் துறை.
மீன்கிடங்கின் பின்னறையில்
ஒரு மேசை, மஞ்சளாய் எரியும் ஒரு சோடியம் விளக்கு.
மழை இங்கே நாலாவது சுவர்.

நீலத் திமிங்கலம் நாற்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே பேசும்.
சால்மன் பண்ணையின் ஜெனரேட்டர்
ஐம்பதில் விடிய விடிய முனகும்.
இரண்டுக்கும் நடுவே
வேலி போடச் சொன்னார்கள் என்னிடம்.

நான்கு மின்தடை, நான்கு மின்தேக்கி, இரண்டு ஆப்-ஆம்ப்.
பெருக்கத்துக்குத் தனியே இன்னும் சில.
கணக்கு கேட்டது முப்பத்தொன்பது புள்ளி எட்டு கிலோ ஓம்.
டப்பாவில் இருந்தது முப்பத்தொன்பது.
போகட்டும், கடல் புள்ளி எட்டைக் கேட்கவா போகிறது.

முதல் அடுக்கு விளிம்புக்கு முன்பே தோள் தொங்கும்.
இரண்டாவது விளிம்பில் கொஞ்சம் எம்பும்.
தொங்கலும் எம்பலும் சேர்ந்தால்
மேசைபோல் சமம், பிறகு சரிவு.
அந்த எம்பலுக்கு
இரண்டு புள்ளி இரண்டு மடங்கு பெருக்கம் போதும்.
மூன்றைத் தொட்டால் அது வடிகட்டி இல்லை
என்ற வரியைப்
பத்தொன்பது வயதில், வால்பரைசோவில்,
பச்சை மையால் அடிக்கோடிட்டிருக்கிறேன்.

நோல்ஃபா சிகுவாயின் படகிலிருந்து
நீரொலிவாங்கியை இறக்கினோம்.
அன்றிரவே வந்தது,
நாற்பதுக்குச் சற்றுக் கீழே,
கனத்த, வழுவாத ஒரு குரல்.
பதிவை எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டி
ஆளுக்கொரு காதாகப் பங்கிட்டுக் கேட்டோம்.
புவெர்ட்டோ மொன்ட்டிலிருந்து இத்துர்ரா
தொலைபேசியில் கத்தினார்.
யாரோ ஆப்பிள் சிச்சாவைத் திறந்தார்கள்.

மூன்றாம் நாள் நோல்ஃபா
ரொட்டியை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தவள்
ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள்.
"ஆமா, இது எப்போ மூச்சு விடும்?"

அறுபத்தொரு மணி நேரம்.
எந்த நுரையீரலும் அவ்வளவு பெரிதில்லை.

வடத்தைப் பிடுங்கினேன்.
கடல் இல்லாமலும் அது பாடியது.

பலகையை வாசலுக்கு எடுத்துப்போய்ச்
சாம்பல்நிற வெளிச்சத்தில் பிடித்தேன்.
பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு என்றால் பன்னிரண்டு.
நான் பற்றவைத்திருந்தது
சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு.
இருபத்திரண்டு.
மஞ்சள் விளக்கடியில் பழுப்பும் சிவப்பும்
ஒரே வீட்டுப் பிள்ளைகள்.
பெருக்கம் மூன்று புள்ளி இரண்டு.
தன் வெளியீட்டையே தின்று
தானே பாடிக்கொண்டிருந்தது என் வேலி.

அறிக்கையில் முதலில்
'திமிங்கலம் நான்தான்' என்று எழுதினேன்.
அடித்துவிட்டு, 'ஏழாவது மின்தடை தவறு' என்று எழுதினேன்.
இத்துர்ரா பதில் போடவில்லை.

மின்தடையை மாற்றியபின்
ஜெனரேட்டர் மட்டும் கேட்டது,
ஐந்தில் இரண்டு பங்காய்.
நான்கு வரிசை வேலிக்கு அவ்வளவுதான் முடியும்;
அதையும் எழுதிவைத்தேன்.
விளக்கை மாற்றினோம்.
பதினோரு நாள் வேறொன்றும் இல்லை.
நோல்ஃபா நண்டுக்கூடை போடப் போய்விட்டு வந்தாள்.

பன்னிரண்டாம் நாள் விடியலில்
இருபத்து நான்கை ஒட்டி,
இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு மெலிதாய்,
ஏதோ ஒன்று எழுந்து,
பதினைந்து விநாடி நீண்டு,

நின்றது.
நாங்கள் இருவரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.