மூச்சு மட்டும்

சாலிகிராமத்தில், மாவு மில்லுக்கு மேல்மாடியில்
காலை பத்து மணியிலிருந்து
ஜப்பானில் ஒரு கோட்டையை வளைத்திருக்கிறார்கள்.
ஏசி ஓடவில்லை.
ஓடினாலும் அணைத்துவிடுவார் பெனடிக்ட்,
மைக்குக்கு அதன் இரைச்சல் ஆகாது.

முகைதீன் அண்ணன் கோட்டைத் தலைவன்.
நான் கூட்டம்.
மதிலுக்குள் அடைந்த பெண்கள், பிள்ளைகள்,
பெயரில்லாத இரண்டு கிழவிகள்,
குதிரையை அறுத்தபோது அலறிய பையன்.
ஒரே கால்ஷீட், ஆறு தொண்டை.

வசனம் திலகவேணி.
தலைவன் ஒரே ஒரு சொல் சொல்லி வாயை மூடுகிறான்.
உதடு ஒட்டும் இடத்தில் 'ம்' விழ வேண்டும்.
'சரணடைய மாட்டோம்' எழுதினாள், வாய்க்கு நீளம்.
'முடியாது' எழுதினாள்,
அவன் மூடிய பிறகும் தமிழ் திறந்தே நின்றது.
கடைசியில் 'இருப்போம்'.
கச்சிதமாய் ஒட்டியது.
அந்த ஒரு சொல்லுக்குள்
நாலாயிரம் பேர் பட்டினி கிடந்தார்கள்.

முற்றுகைக்கு முந்தின அறுவடையிலேயே
எதிரி வியாபாரிகளை அனுப்பி
இரட்டை விலைக்கு நெல் வாங்கிவிட்டானாம்.
கோட்டைக் களஞ்சியக்காரனும் விற்றிருக்கிறான்.
காசைப் பார்த்து அவன் பெண்டாட்டி சிரித்த சிரிப்பு
நேற்று நான் கொடுத்தது.
மூன்று டேக்.

லூப் நூற்றுப் பதினேழு.
மரப்பட்டையும் தீர்ந்த நாள்.
'இதுல டயலாக் இல்ல மேடம். மூச்சு மட்டும்.'
விட்டேன்.
'இது மாடி ஏறின மூச்சு.'
மறுபடி விட்டேன்.
'இது அழுகை. இவங்களுக்கு அழத் தெம்பு ஏது?'

கண்ணை மூடினேன்.
முடிச்சூர் மொட்டைமாடி, சுற்றிலும் வெள்ளம்,
மூன்றாம் ராத்திரி.
பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை
பால் கேட்பதை நிறுத்தியது.
அழுதவரைக்கும் நாங்கள் யாரும் பயப்படவில்லை.

ஓகே ஆகிவிட்டது.
பெனடிக்ட் ஹெட்போனைக் கழற்றி
வெகுநேரம் துடைத்தார்.

பிறகு தலைவன் வயிற்றைக் கிழித்துக்கொண்டான்,
முகைதீன் அண்ணன் ஒரே டேக்கில் செத்தார்.
கதவு திறந்தது.
வென்றவன் வாசலிலேயே கஞ்சி காய்ச்சி ஊற்றினான்.
அவசரமாய்க் குடித்தவர்கள்
அங்கேயே சுருண்டு விழுந்தார்கள்.
அதற்கு என் குரல் வேண்டாம்,
மியூசிக் போட்டுக்கொள்வார்களாம்.

மூன்று மணிக்கு பிரியாணி பார்சல் வந்தது.
அண்ணன் எலும்பைத் தட்டி உறிஞ்சினார்.
'ஏம்மா, ஒவ்வொரு பருக்கையா எண்றே?'

சாயங்காலம் தொண்டையில் ஒன்றும் மிச்சமில்லை.
வடபழனியில் இருபது ரூபாய்க்கு ஒரு கட்டு நொச்சி.
போர்வைக்குள் ஆவி,
மூக்கை எரிக்கும் பச்சை வாடை.
வளைத்தவன் சூட உழிஞை, காத்தவன் சூட நொச்சி,
பத்தாம் வகுப்பில் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம்.
உள்ளே கிடந்தவளுக்கு என்ன பூ?
கேட்டதாக நினைவில்லை,
கேள்வித்தாளும் கேட்கவில்லை.

நாளைக்கு எதிரிப் பாசறைக் காட்சிகள்.
அடுப்பு மூட்டும் பெண்கள்.
அவர்களும் நான்தான்.
கொஞ்சம் சிரிக்க வேண்டியிருக்கும் என்று
செய்தி அனுப்பியிருக்கிறாள் திலகவேணி.