தண்ணீர்த் தாங்கி

ஜெயப்பிரதாவின் இடமாற்றக் கடிதத்தில்
வார்ட்டு எண் இருந்தது, திகதி இருந்தது,
மகளைப் பற்றி ஒன்றுமில்லை.
ஹட்டனில் பஸ் ஏறும்போது அவளுக்கு
மூன்று வயதும் ஏழு மாதமும்,
ஒரு கம்பளிச் சட்டையும், காதை மூடும் தொப்பியும்.
வவுனியாவில் தொப்பியைக் கழற்றினாள்.
சாவகச்சேரியில் சட்டையை.
யாழ்ப்பாணத்தில் இறங்கி
பெனியனோடு நின்று நாலு பக்கமும் பார்த்தாள்:
"அப்பா, மலைய யாரு எடுத்தா?"

கொக்குவிலில் ஒரு வளவின் பின்பக்கம்
இரண்டு அறை, ஒரு குசினி, வெளியே கிணறு.
கிணற்றுக்குக் கம்பிவலை போட்டால்தான்
அட்வான்ஸ் என்றேன்.
வீட்டுக்காரர் என்னை ஒருதரம் அளந்துவிட்டு
"ஓம்" என்றார்.
அது எனக்கு
மந்திரத்தின் தொடக்கம் போலக் கேட்டது.
மீதிக்காகக் கொஞ்சம் காத்திருந்தேன்.

முதல் மாதம் முழுக்கத் தண்ணீரோடு சண்டை.
சவர்க்காரம் நுரைக்கவில்லை.
ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த தேயிலைத் தூளை
ஒரு கரண்டி கூடப் போட்டும்
நாக்கின் ஓரத்தில் உப்பு நின்றது.
கேத்தலுக்குள் வெள்ளையாய்ப் படிந்ததை
எட்டிப் பார்த்து மகள் "பனி" என்றாள்.
நான் திருத்தவில்லை.
அவள் தூங்கிய பிறகு
தேசிக்காய் பிழிந்து கொதிக்க வைத்து
அந்தப் பனியை நானேதான் கரைத்தேன்.

இரவு வேலை முடிந்து ஜெயப்பிரதா வர,
போன் திருத்தும் கடைக்கு நான் கிளம்ப,
படலையில் வைத்துப் பிள்ளையைக் கைமாற்றுகிறோம்,
வார்ட்டில் நோயாளியை ஒப்படைப்பது போல:
"இருமல் ரெண்டு தரம். பாயில ஒருக்கா ஒண்ணுக்கு.
பாண் அரைத்துண்டு. பால் வேணாமாம்."
அவள் தலையாட்டுவாள், கண் பாதி மூடியபடி.
சில நாள் இவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

முன்பள்ளி ரீச்சர் கூப்பிட்டார்.
"தாரிகா கதைக்கிறது நல்லாக் குறைவு."
நான் சொன்னேன்,
"வீட்டுல நாங்க அவளோட பேசிக்கிட்டேதானே இருக்கோம் ரீச்சர்.
நானும் பேசுவேன், அம்மாவும் பேசுவாங்க,
தூங்குற வரைக்கும்."
ரீச்சரின் முகம் மாறியது.
"சின்னப் பிள்ளை பாவம்.
இனிமேல் பேசாதேங்கோ" என்றார்,
என்னைவிட மகளைப் பார்த்து.
இரண்டு நாள் கழித்துக் கடைப் பெடியன் துஷ்யந்தன்
சிரித்து முடித்து எனக்கு விளக்கினான்:
இங்கே பேசுவது என்றால் ஏசுவது.
போய்ச் சொல்ல வேண்டும்.
இன்னும் சொல்லவில்லை.
ரீச்சர் தினமும் மகளின் கையில்
ஒரு டொபி கூடுதலாய் வைக்கிறார்.

மலையைத் தேடுவதை அவள் விடவில்லை.
சைக்கிளின் முன் கூடைச் சீட்டில் இருந்தபடி
தண்டவாளம் கடக்கும்போதெல்லாம் கேள்வி.
மேகத்தைக் காட்டினேன்.
யாரோ வீடு கட்டக் கொட்டிய மணற்கும்பியைக் காட்டினேன்.
"அது மண்ணு" என்றாள் வெறுப்போடு.
பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, நான் காட்டாமலே,
ஒழுங்கை திரும்பும் இடத்தில்
என் கையில் அடித்து நிறுத்தச் சொன்னாள்.
வீடுகளுக்கும் பனைகளுக்கும் மேலே
பாசி படர்ந்த தண்ணீர்த் தாங்கி.
அடியில் எங்கோ ஒழுகி
ஒரு துண்டுப் புல் பச்சையாய் இருந்தது.
"அப்பா, இந்த மலைக்குக் காலு இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அத்தை.
பின்னால் ஜன்னல் முழுக்க மூட்டம்.
"அங்கயும் மலை இருக்காடி?"
"ஓம்" என்றாள் மகள்.
"ஆனா சின்னன்."

சீருடைக்கு அயர்ன் பிடித்துக்கொண்டிருந்த ஜெயப்பிரதா
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
காலரில் மெல்லிய பழுப்பு ஏறும் வாசம்.
"சின்ன... என்னது?" என்று அத்தை கேட்க,
மகள் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து,
விளங்காதவர்களுக்குச் சொல்லும் பொறுமையோடு,
"சின்னன் எண்டா
சின்னன், அத்தை."