கெஸ்ட் பிளேயர்

பதினாலு வருஷத்தில் ஒன்பது ஜெர்சி.
முதலில் ஒரு மில் டீம். மில்லையே மூடிவிட்டார்கள்.
சென்னையில் இரண்டாம் டிவிஷன்:
மேட்சுக்கு நானூறு, பஸ் காசு தனி.
ரயில்வே செலக்‌ஷனில் மூன்று தடவையும் ரிசர்வ்.
அதற்கப்புறம் முழங்கால்.

திண்டுக்கல்லில் ஒரு கோல் போட்டேன்,
டீயின் ஓரத்திலிருந்து, ரிவர்ஸில்.
அன்றைக்கு முதுகில் வேறொருத்தன் பெயர்.
பேப்பரில் வந்தது: ஆரோக்கியதாஸ் அபாரம்.
கத்தரித்து வைத்திருக்கிறேன்.

இப்போது கோவில்பட்டி டர்ஃபுக்கு
மேட்சுக்கு முன்னால் தண்ணீர் பீய்ச்சும் வேலை.
தனபாக்கியம் போனில் சொல்கிறாள்:
'இன்னைக்கும் குழாய் வரல, பாத்துக்கிடுங்க.'
எட்டாவது நாள்.

சரி என்று வைத்துவிட்டு
வால்வை இன்னும் அரைச்சுற்று திறக்கிறேன்.
இடது ஓரம் நனையவில்லை.
காய்ந்த இடத்தில் பந்து
ஃபார்வர்டிடம் வந்து சேராது.