வாய்க்கணக்கு

ஸ்காபரோ, எக்லின்டன் வீதி,
பீட்சாக் கடைக்கு மேல்மாடி.
இங்கே நான் பல் பார்ப்பதில்லை.
பார்த்தவர்கள் போட்டுவிட்டுப் போன கருவிகளைக் கழுவி
பையிலிட்டு அவித்து எடுக்கிறேன்.
மணி அடித்தால் பெயர் கூப்பிடுகிறேன்.

அங்கே பார்த்தேன்.
கிளிநொச்சிக்கு அப்பால், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக,
மோட்டார் சைக்கிளில் கட்டிய தகரப் பெட்டியோடு.
வாங்கை வெயிலுக்கு இழுத்துப் போட்டு
ஆ சொல்லு என்பேன்.
சூரியன்தான் விளக்கு.
முதலாம் வகுப்பு, நாற்பத்தொரு பேர்.
சூத்தை இல்லாத வாய் ஆறு.
ஏழாவதாக நிற்கப் பார்த்தான் ஒருவன்,
உதட்டை இறுக்கிக்கொண்டு.

எழுதி அனுப்பினேன்.
அடுத்த வருடம் அதே படிவம் வந்தது,
ஒரு கட்டம் கூடுதலாக.

இன்று மிதுரன், வயது நாலு.
தாய் பாண் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
நேரே வந்திருக்கிறாள்,
தலைவலையின் தடம் இன்னும் நெற்றியில்.
நான் கேட்காமலே போனில் காட்டுகிறாள்:
பல்லுக்கொழுக்கட்டை.
வாடகை மண்டபம், பலூன் வளைவு.
வெள்ளைத் துணி பிடித்து
பிள்ளையின் உச்சியில் கொட்டுகிறார்கள்.
கொழுக்கட்டை ஒவ்வொன்றுக்கும்
தேங்காய்ச் சொட்டில் வரிசையாய்ப் பல்.
அவன் வாயில் இரண்டே இரண்டு, அரிசிக் குறுணிபோல.

அந்த இரண்டும் கீழ்ப்பல்.
இன்னும் வெள்ளைதான், நாக்கு மூடிக் காத்திருக்கிறது.
பிறகு வந்த மேல் நாலும்
தேயிலைச் சக்கை நிறத்தில்
முரசோடு முறிந்து கிடக்கின்றன.

டொக்டர் ஆங்கிலத்தில் கேட்கிறார்,
நான் தமிழில் கேட்கிறேன்:
போத்தலோடயா நித்திரை கொள்ளுவான்?
அவள் அவரைப் பார்க்கவில்லை.
"நான் வேலைக்கு வெளிக்கிட்டாப் பிறகு
அழாமக் கிடக்கட்டும் எண்டுதான் அக்கா."
அதை நான் திருப்பிச் சொன்னபோது
'ஆம்' என்ற ஒற்றைச் சொல்லாய்ப் போனது.
அந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இருந்ததில்லை.

மயக்கம் கொடுத்துத்தான் பிடுங்க வேண்டும்.
ஆஸ்பத்திரிப் பட்டியலில் ஏழு மாதம்.
ஏழா, என்று விரல் மடிக்கிறாள்,
மடித்த விரல்களிலே மாவு.

பார்ப்பதில்லை என்றேனே, எண்ணுகிறேன்.
காத்திருக்கும் கதிரைகளில்
சிரித்தால், கொட்டாவி விட்டால், அழுதால்
என் கண் உள்ளே போய்விடுகிறது.
இந்தக் கிழமை பதினெட்டுப் பிள்ளைகள்.
மிச்சத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை,
ஒருவரும் கேட்கவும் இல்லை.

போகும்போது மிதுரனுக்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்தேன்.
எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கும் முதலை.
சட்டையில் ஒட்டடா என்றாள் தாய்.
அவன் வாய்மேல் ஒட்டிக்கொண்டான்.