அடுத்த அட்டவணை

மஸ்கெலியாவில் மழை.
தொழிற்சாலை மாடியில் வாடும் கொழுந்தின் மணம்
கீபோர்ட் வரை இறங்கியிருந்தது.
சம்பளப் புரொசீஜரை அழைத்தேன்.
வந்தது நூற்றுப் பதினேழு வரிசை,
எல்லாம் முழுப்பேர் விழுந்தவர்கள்.
மொத்தம் மட்டும் வரவில்லை.
பூச்சியமும் அல்ல, வெறுமை.
காலிக் கூடை வேறு,
கூடையே இல்லாதது வேறு.

கிளார்க் நவமணி தாளைப் புரட்டினார்.
"அரைப்பேர்க்காரங்க எங்க தங்கச்சி?
சடையாயி, லூர்தம்மா,
மூணாம் நம்பர் மலை முழுக்கக் காணோமே?"

சேர்வரில் இருந்தார்கள், எல்லாரும்.
புரொசீஜர் தருவது இரண்டு அட்டவணை.
என் புரோகிராம் முதலாவதை வாங்கிக்கொண்டு
இணைப்பைச் சாத்திவிட்டது.
இரண்டாவது வெளியே நின்றது
ஒன்பது கிலோவோடு, பதினொன்றோடு,
பின்னேரம் மழைக்குக் கலைந்த பெரட்டோடு.

ஒரு வரி சேர்த்தேன்:
அடுத்தது உண்டா?
உண்டு. நாற்பத்து மூன்று பேர்.
கடைசி வரிசையையும் வாசித்து முடித்த பிறகுதான்
மொத்தம் வாய் திறந்தது.

"போன மாசம் பரீட்சை பண்ணினப்போ
சரியாத்தானே வந்துச்சு?" என்றார் நவமணி.

வந்தது.
அந்தச் சோதனைப் பெயர்களை எழுதியது நான்.
அதில் ஒருவர் மீதும்
மழை பெய்யவில்லை.