மூவருக்கான வாடகை

நவம்பர் பிறந்தால் இரண்டு வரும்.
ஊருக்குக் கல்லறைத் திருநாள்.
எங்கள் வீட்டுக்கு பில்.

மூன்று கரு. ஓராண்டுப் பராமரிப்பு.
தொகை, வங்கி எண், கடைசித் தேதி.
வித்தோல்த் அதை மின்கட்டண ரசீதோடு சேர்த்து
குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டுகிறான்.
வேறு எங்கே ஒட்டுவதென்று
அவனுக்கும் தெரியவில்லை.

நான் லுப்ளின் நகரில் டிராலிபஸ் ஓட்டுகிறேன்.
நாளுக்கு ஆறு முறை கல்லறை வாசலில் நிறுத்தம்.
இந்த வாரம் வண்டி கொள்ளாமல் சாமந்தி,
கண்ணாடிக் குடுவைகளில் மெழுகு,
வாளியும் பிரஷுமாகப் பெண்கள்.
எல்லோருக்கும் போய்த் தேய்க்க ஒரு கல் இருக்கிறது.
என் மூவருக்கு முகவரி மட்டும்:
வார்சாவில் ஒரு நிலவறை, எஃகுக் கலம்,
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு.

இறக்கவில்லை, அதனால் விளக்கு கிடையாது.
பிறக்கவில்லை, அதனால் பெயர் கிடையாது.
பகலில் சரியாகத்தான் வருகிறது.
ராத்திரி இரண்டு மணிக்குக்
கணக்கு உதைக்கிறது.

யகோதா நான்காவது.
அதே நாள், அதே கிண்ணம்.
டாக்டரின் கண் அன்று வேறொன்றில் நின்றிருந்தால்
முன்பல் விழுந்த வேறு ஒருத்தி
என் தொப்பியைப் போட்டுக்கொண்டு
டிக்கெட் டிக்கெட் என்று கத்திக்கொண்டிருப்பாள்.
இவள் அங்கே.

மாமியார் பொகுமிலா
ரேடியோவோடு சேர்ந்து ஜெபமாலை சொல்வார்,
சோதனைக்குழாயில் பிள்ளை பெற்றவர்கள்
மனம் திரும்பவேண்டும் என்று.
சொல்லி முடித்த கையோடு
யகோதாவுக்கு ஜடை பின்னுவார்.
மணி உருட்டியதும் அந்த விரல்தான்.
ஒரு நாளும் சிக்கெடுத்து வலித்ததில்லை பிள்ளைக்கு.

பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதர் காஸ்பரிடம் கேட்டேன்.
பிள்ளை வரம், வந்த வழி தவறு என்றார்.
சரி ஃபாதர், மிச்சம் மூவரை என்ன செய்ய?
தட்டிக்கு அப்பால் அங்கி உரசும் சத்தம்.
உருகவிட்டால் கொலை.
உறையவிட்டால் அவமதிப்பு.
இன்னொருத்தி சுமந்தால்
திருமணம் என்ற சொல்லுக்கே புறம்பு.
மூன்று கதவையும் அவரே சாத்தினார்.
ஆனால், நியாயமாகச் சொல்ல வேண்டும்,
சாத்திவிட்டு வெளியே போகவில்லை,
உள்ளேயே என்னோடு உட்கார்ந்திருந்தார்.
எனக்குத் தெரியவில்லை, மகளே.
அன்று பரிகார ஜெபம் எதுவும் கொடுக்க
மறந்துவிட்டார்.

என் கர்ப்பப்பை போய் நாலு வருஷம்.
நாத்தனார் கிங்கா, லூத்தரன் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்,
போன ஈஸ்டரில் பாத்திரம் துடைத்தபடியே சொன்னாள்:
நான் சுமக்கிறேன். ஒருவரையாவது.
காசு பற்றிப் பேசினால் இந்தத் தட்டை உடைப்பேன்.
அவர்கள் போதகர் தடுக்கமாட்டாராம்,
பிரசவ அறையிலிருந்து வெறுங்கையோடு
வீடு திரும்பும் நாளை யோசித்துவிட்டாயா
என்று மட்டும் கேட்டாராம்.
யோசித்தாளா? தட்டையே துடைத்துக்கொண்டிருந்தாள்.
அவளையும் ஊர் வாடகைத்தாய் என்றுதான் சொல்லும்.
வாடகை கொடுப்பது நான்.
ஒரு எஃகுப் பானைக்கு.
எட்டு வருஷமாக.

இருபது ஆண்டு முடிந்தால்
சட்டம் அவர்களை யாரோ ஒரு தம்பதிக்குக் கொடுத்துவிடும்.
பன்னிரண்டு மிச்சம்.
இது எனக்குப் பயமா, விடுதலையா?
சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.
பச்சை விழுந்துவிடுகிறது.

தூரத்தில் புதைக்கப்பட்டவர்களுக்காக
நடுச் சிலுவையடியில் விளக்கேற்றுவது எங்கள் வழக்கம்.
இந்த முறை நானும் மூன்று வாங்கிப் போனேன்.
தீக்குச்சி விரல் வரை எரிந்தது.
ஏற்றினால் இறந்துவிட்டார்கள் என்று
நானே கையெழுத்துப் போட்ட மாதிரி.
திரும்பக் கொண்டுவந்து
சமையலறை ஜன்னலடியில் வைத்தேன்.
பில்லைக் கட்டினேன்.

காலையில் பொகுமிலா வந்தார்.
மூன்றையும் பார்த்தார்.
பில்லைப் பார்த்தாரா, தெரியாது.
ஒன்றும் கேட்கவில்லை.
ஹீட்டர் சூட்டில் உருகிவிடப் போகிறது என்று
ஒவ்வொன்றாய் எடுத்து
தள்ளி வைத்தார்.